பெயர் தெரியாத சாஃப்ட் கோரல்: அறிகுறியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது, காப்பாற்றுவது

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெர்மாகோல் பெட்டிக்குள் வரிசையாகப் பிளாஸ்டிக் கவர்கள். ஒன்றில் கைப்பிடி அளவு கல். அதன்மேல் மங்கிய பழுப்பில் ஏதோ ஒன்று சுருண்டு கிடக்கிறது. "அண்ணே, இது பேர் என்ன?" என்று கேட்டால், "சாஃப்ட் கோரல் தம்பி, நல்லா வரும்" என்பார்கள். கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கிற மென்பவளத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. அவர்களுக்கு வருகிற பெட்டியிலும் பெயர் எழுதியிருப்பதில்லை.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அது மூடிக்கொள்ளும். பெயர் கேட்காமல் வாங்கியது அப்போதுதான் உறைக்கும். டோட்ஸ்டூல் என்கிற காளான் வடிவ வகை மூடிக்கொண்டால் பெரும்பாலும் தோல் உரிக்கிறது என்று அர்த்தம். ஸீனியா என்கிற துடிக்கும் வகை அப்படிச் சுருங்கினால் இரண்டு நாளில் கரைந்து போய்விடும். முன்னதைத் தொடாமல் விட வேண்டும், பின்னதற்கு அன்றைக்கே தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இரண்டு விதமாகப் பார்க்கிறேன்: அது ஆள் யார் என்று என்ன சொல்கிறது, அதற்கு நாம் என்ன செய்வது.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

ஆள் யாராக இருந்தாலும் முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான். ஏசி இல்லாத அறையில், கத்திரி வெயில் நாட்களில், தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மென்பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை வசதி. 29 தாண்டினால் பல வகைகள் வாடத் தொடங்கும். சூட்டைக் குறைக்க மேலே மின்விசிறி வைக்கிறோம். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. சின்னத் தொட்டியில் 1.025 இருந்த உப்புநீரின் அடர்த்தி சில நாளில் 1.028-க்கு ஏறிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். உப்புநீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் விசிறிக்கு இங்கே பலம் குறைவு. தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வாங்க முடியாதவர்கள் தொட்டியை வெயில் படாத உள்ளறைக்கு மாற்றி, விளக்கைப் பகலில் அணைத்து இரவில் எரியவிடலாம். பவளத்துக்கு அது எந்த நேரம் என்பது முக்கியமில்லை, ஒரே நேரமாக இருந்தால் போதும்.

ஆர்ஓ என்றவுடன் சமையலறை மெஷினை நினைக்க வேண்டாம். குடிநீருக்கான மெஷின்கள் ருசிக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும். கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரில் 50, 80 என்று காட்டும். நமக்குப் பூஜ்யத்தை ஒட்டி வேண்டும். தாமிரம் சேர்க்கிற மெஷின்களும் இப்போது நிறைய வீடுகளில் இருக்கின்றன. அந்தத் தண்ணீரைப் பவளத் தொட்டிக்குள் ஒரு டம்ளர்கூட விடாதீர்கள். முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்குத் தாமிரம் விஷம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தபோது தாமிர மருந்து விட்டிருந்தால், பவளம் சுருங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோவளம் பக்கம் கேனில் கடல்நீர் பிடித்து வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதை நிறுத்திவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளமெல்லாம் கடலில் கலந்து கரையோர உப்பின் அளவு நன்றாகவே இறங்கிவிடும். உப்பை அளக்கிற கருவியும் சரியாக இருக்கட்டும். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சிறு காற்றுக்குமிழ் ஒட்டினாலே கணக்கு தப்பும். ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸை எடுத்து எண்ணுங்கள்

விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் கழித்து, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற மாதிரி ஒரு லென்ஸால் ஒரே ஒரு பாலிப்பை, அதாவது பவளத்தின்மேல் பூப்போல விரிகிற சிற்றுயிர்களில் ஒன்றை, பாருங்கள். கைகள் எட்டு, ஒவ்வொரு கையின் இருபுறமும் இறகுபோலச் சிறு கிளைகள் என்றால் அது உண்மையான மென்பவளம். லெதர், கென்யா ட்ரீ, ஸீனியா, கிரீன் ஸ்டார் எல்லாம் இந்தக் குடும்பம். கைகள் எட்டுக்கு மேல் இருந்து, இறகு இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஸோவாந்திட் (பொத்தான் பவளம்) அல்லது அனிமோன் (கடல் சாமந்தி). கைகளே சரியாகத் தெரியாமல் தட்டையான அப்பளம்போல் கிடந்தால் மஷ்ரூம். கடையில் எல்லாவற்றுக்கும் சாஃப்ட் என்றே பெயர், ஆனால் மருந்தும் ஆபத்தும் வேறு வேறு.

மூடிக்கொண்டது, மேலே மெழுகு பூசியதுபோல் மினுக்குகிறது

இது தோல்போல் தடித்த லெதர் வகை. அதிலும் காளான்போல் தண்டும் தொப்பியும் இருந்தால் சார்கோஃபைட்டன், நாம் டோட்ஸ்டூல் என்கிறோமே, அது. மாதக் கணக்கில் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று பாலிப்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். தொப்பி சுருங்கும், நிறம் மங்கும், மேலே ஒரு படலம் படியும். மேல்தோலில் ஒட்டிய பாசியையும் அழுக்கையும் இப்படித்தான் அது கழற்றிப் போடுகிறது. நான்கைந்து நாளில் முடியலாம், இரண்டு வாரமும் ஆகலாம். படலம் கிழிந்து போனதும் முன்னைவிடப் பெரிதாக விரியும்.

என் முதல் டோட்ஸ்டூலை ஒன்பதாவது நாள் இறந்துவிட்டதாக நினைத்து வெளியே எடுத்துப் போட்டேன். கையில் பிடித்தபோது ரப்பர்போல் உறுதியாக இருந்தது, நாற்றம் துளியும் இல்லை. அது உயிரோடு இருந்ததற்கு அந்த இரண்டுமே அடையாளம். எனக்கு அன்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: படலம் கழன்று போக நீரோட்டம் வேண்டும். வேவ்மேக்கரை (நீரோட்டம் தருகிற பம்ப்) நேராக முகத்தில் அடிக்காமல், பக்கத்துக் கண்ணாடியில் மோதித் திரும்பி வருகிற மாதிரி திருப்பி வையுங்கள். பத்து நாளுக்கு மேலும் படலம் நகரவில்லை என்றால், ஒரு பிளாஸ்டிக் பிப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். நகத்தால் உரிக்காதீர்கள். இடத்தை மாற்றாதீர்கள். மாற்றிய இடத்துக்குப் பழக அது இன்னும் ஒரு வாரம் மூடிக்கொள்ளும். நாம் பயந்து மறுபடி மாற்றுவோம். தொட்டியில் லெதர் சாவதற்கு இந்த இடமாற்றச் சுற்று பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

லெதருக்குள்ளேயே யார் என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. சார்கோஃபைட்டனிலும் விரல் விரலாக மேடு கட்டுகிற லோபோஃபைட்டத்திலும் இரண்டு வகைப் பாலிப் உண்டு: நீளமாக வெளியே நிற்பவை, அவற்றுக்கு இடையே ஊசிமுனை அளவில் புள்ளியாகத் தெரிகிறவை. சினுலேரியாவில் ஒரே வகைதான். அதன் அடித்தண்டை வெட்ட நேர்ந்தால் கத்திக்கு அடியில் நறநறவென்று சுண்ணாம்பு ஊசிகள் தட்டுப்படும். ஆய்வாளர்கள் கடுகளவு சதையை ப்ளீச்சில் கரைத்து, மிஞ்சுகிற அந்த ஊசிகளை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் சொல்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஊசியா, புள்ளியா என்று தெரிந்தால் பராமரிப்புக்குப் போதும்.

தொட்டவுடன் வெள்ளையாகிறது, வெளுத்துக்கொண்டே போகிறது

இரண்டும் வேறு. தொட்டவுடன் பழுப்புப் பாலிப்கள் உள்ளே போய், பனி விழுந்த மாதிரி மேற்பரப்பு சட்டென்று வெள்ளையானால், கையிலும் வழவழவென்று ஒட்டினால், அது கிளாடியெல்லா. அதன் உடம்பே வெள்ளை. நிறம் பாலிப்பில்தான் இருக்கிறது. அரை மணியில் திரும்பிவிடும்.

பாலிப் விரிந்தே இருக்கிறது, ஆனால் நாளுக்கு நாள் நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆகிறது என்றால் அது வெளுத்தல். சதைக்குள் குடியிருந்து சோறு போடுகிற நுண்பாசி வெளியேறிக்கொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் பவளங்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். வெப்பத்தை மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் இறக்குங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள். வெப்பம் சரியாக இருந்தும் வெளுக்கிறது என்றால் விளக்கு காரணம். புதிய எல்ஈடி மாட்டியவர்கள் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். வெளுத்த பவளம் இறந்த பவளம் இல்லை. மாதக் கணக்கில் ஆனாலும் நிறம் திரும்பும்.

தலைகீழாகவும் நடக்கும். தண்டு மட்டும் நீண்டு விளக்கைத் தேடிச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. நல்ல பச்சை பழுப்பாக மாறினால் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு, அல்லது தண்ணீரில் நைட்ரேட் மிகுதி.

கை கையாக உதிர்கிறது

காலையில் பார்த்தால் மணலில் குட்டிக் குட்டிக் கிளைகள் கிடக்கும். மரம்போல் கிளைத்து, பாலிப்களை முழுதாக உள்ளே இழுக்க முடியாமல், நீரோட்டம் நின்றால் தொங்கிப்போகிற வகை என்றால் அது கேப்னெல்லா, கென்யா ட்ரீ. கிளையைத் தானே கழற்றிப் போட்டுக் குட்டி போடுவது அதன் இயல்பு. விழுந்ததை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உடைந்த கல் துண்டுகளோடு போட்டு, மேலே கொசுவலைத் துணியைக் கட்டி நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். இரண்டு வாரத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான சதையில் ஃபெவிக்விக் நிற்காது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

துடிப்பு நின்றுவிட்டது

பாலிப் ஒவ்வொன்றும் கை மூடித் திறப்பதுபோல் துடித்தால் ஸீனியா. 2013-இல் செங்கடலின் எய்லாட் பகுதி ஹெட்டரோஸீனியாவை வைத்து வெளியான ஆய்வு, அந்தத் துடிப்பு உடம்பைச் சுற்றித் தேங்கும் ஆக்ஸிஜனை விரட்டி ஒளிச்சேர்க்கையைப் பல மடங்கு கூட்டுகிறது என்று காட்டியது. இரவும் பகலும் துடிக்கும். பிற்பகலில் சற்று நேரம் ஓய்வெடுக்கும். ஆகவே மதியம் நின்றிருந்தால் பயப்பட வேண்டாம். நாள் முழுக்க நின்றால் கவனியுங்கள்.

நம் வீடுகளில் நான் அதிகம் கண்ட காரணம் ஏசி. கோடையில் ஜன்னலை அடைத்து நான்கு பேர் ஒரே அறையில் தூங்குகிறோம். அறையில் கரியமில வாயு ஏறுகிறது, அது நீரில் கரைகிறது, பிஹெச் 7.8-க்கு இறங்குகிறது, ஸீனியா சோர்கிறது. ஸ்கிம்மர் (நுரையால் கழிவை எடுக்கிற கருவி) காற்றிழுக்கிற குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் சில நாளில் வித்தியாசம் தெரியும். கொசு மருந்துப் புகை வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டால் மட்டும் உடனே குழாயை உள்ளே இழுத்து, ஸ்கிம்மரை அரை மணி நிறுத்திவையுங்கள். பூச்சிமருந்து முதலில் இறாலைக் கொல்லும். வீட்டுக்குள் அடிக்கிற கரப்பான் ஸ்ப்ரேக்கும் இதே எச்சரிக்கை.

காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் இருக்கட்டும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம் என்று பெருமைப்படுகிற தொட்டிகளில் ஸீனியாவும் மஷ்ரூமும் சிறுத்துப் போகும். நைட்ரேட் 5, 10 பிபிஎம் இருப்பது இவற்றுக்குச் சாப்பாடு. மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டாலே போதும்.

ஸீனியா பிடித்துவிட்டால் கல்லெல்லாம் பரவும். மிஞ்சியதைக் கடலில் விடுவது கருணை என்று நினைக்க வேண்டாம். வெனிசுவேலா கரையோரத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த உனோமியா என்னும் அயல்நாட்டு இனம் அங்குள்ள பவளத்திட்டுகளை மூடிப் பரவியிருக்கிறது. மீன்தொட்டி வணிகம் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது.

ஊதாப் பாய் மட்டும் தெரிகிறது, பச்சையைக் காணோம்

கிரீன் ஸ்டார். பாயின்மேல் மண்டி படிந்திருக்கும், அல்லது நத்தை ஊர்ந்திருக்கும். பழைய மென்மையான பல்துலக்கியால் லேசாகத் துடைத்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள், திறந்துவிடும்.

ஆனால் அந்தப் பாயை விரலால் அழுத்திப் பாருங்கள். ரப்பர்போல் அமுங்க வேண்டும். அமுங்காமல், அடியில் செங்கல் சிவப்பில் கெட்டியான குழாய்கள் அடுக்கடுக்காக நின்றால் அது டியூபிபோரா, ஆர்கன் பைப். பாலிப் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டவற்றுள் இது ஒன்று. திட்டு கட்டுகிற கல்பவளங்கள் எல்லாம், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் அதில் உண்டு. கடையில் பெயர் இல்லாமல் நிற்கிற ஒன்றை லென்ஸால் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். சதைக்கு அடியில் கெட்டியான கிண்ணங்கள் அல்லது குழாய்கள் தெரிந்தால் வாங்காதீர்கள், யாரும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கல்லில் தானாக முளைத்தது, தொட்டால் படக்கென்று மறைகிறது

பழுப்பில் கண்ணாடிபோல், கூர்மையான வழவழப்புக் கைகளோடு, ஓட்டைக்குள் நொடியில் ஒளிந்தால் ஐப்டேசியா. இது பவளம் இல்லை, களை. கிழிக்காதீர்கள், ஒவ்வொரு துண்டும் முளைக்கும். கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயின்மேல் வைத்து, பம்பை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். எட்டுக் கை, இறகு விளிம்பு, மெதுவாக மூடுகிறது என்றால் அது கிளவுலேரியா. விட்டுவையுங்கள், அழகாக வளரும்.

பொத்தான் பொத்தானாக இருப்பவை திறக்கவில்லை

ஸோவாந்திட், அல்லது அதன் தடித்த உறவான பாலிதோவா. இரவில் அருகே டார்ச் அடித்துப் பாருங்கள்: அதே நிறத்தில் குட்டி நத்தைப்புழு ஊர்ந்தால் அது இவற்றைத் தின்னவே வந்தது.

இங்கே அவசரப்படாமல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சில பாலிதோவாக்களில் பாலிடாக்ஸின் என்கிற கொடிய நஞ்சு உண்டு. ஹவாய்ப் பாலிதோவா ஒன்றிலிருந்துதான் 1971-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீர் ஊற்றுவது, அடுப்பில் வேகவைப்பது, பிரஷ்ஷால் பரபரவென்று தேய்ப்பது எதுவும் கூடாது. ஆவியிலும் தெறிக்கிற நீரிலும் நஞ்சு வந்து வீட்டில் எல்லோரையும் பாதிக்கும். கையாண்ட பிறகு வாய் கசப்பது, காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று வந்தால் மருத்துவரிடம் பவளத்தைத் தொட்டதைச் சொல்லுங்கள். பெயர் தெரியாத எந்தப் பொத்தான் பவளத்தையும் நஞ்சுள்ளது என்று வைத்துக்கொள்வதே சரி.

சிவப்பும் ரோஸுமாக வந்தது, நாளுக்கு நாள் சிறுக்கிறது

டென்ட்ரோநெஃப்தியா. கண்ணாடிபோன்ற தண்டுக்குள் வெள்ளை ஊசிகள் தெரியும். இதற்குள் நுண்பாசி கிடையாது. விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. நாள் முழுக்க நுண்மிதவை உயிர்கள் ஊட்ட வேண்டும், அப்படி ஊட்டினால் சின்னத் தொட்டியில் தண்ணீர் கெடும். பசியால் வாரக் கணக்கில் கரைகிறதைப் பார்ப்பது வேதனை. வீட்டுத் தொட்டிக்கு இதை வாங்காதீர்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கினால்

மின்சாரம் போயிருந்ததா என்று கேளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று சென்னையில் பல பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. பவளம் இரண்டு மூன்று நாள் விளக்கில்லாமல் தாங்கும்; அசைவில்லாத நீரில் ஆக்ஸிஜன் இல்லாமல் அவ்வளவு தாங்காது. பேட்டரி ஏர்பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

மின்சாரம் போகவில்லை, அளவுகளும் சரி, ஆனாலும் சுருங்குகிறது என்றால் அது அவற்றுக்குள் நடக்கிற சண்டை. சினுலேரியாவும் சார்கோஃபைட்டனும் டெர்பீன் வகை ரசாயனங்களை நீரில் விட்டுப் பக்கத்தில் இருப்பவற்றைத் தள்ளிவைக்கும். அண்மையில் லெதரை வெட்டியிருந்தால் இது நிச்சயம் கூடும். ஆக்டிவேட்டட் கார்பனைப் பையில் கட்டி நீரோட்டத்தில் வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரையும் மாற்றுங்கள்.

பழுப்புக் கூழ், நாற்றம்

தோலுரிப்பில் உடம்பு உறுதியாக இருக்கும். அழுகலில் விரல் பட்டவுடன் சதை குழையும், அழுகிய முட்டை நாற்றம் வரும், கரும்புள்ளி நாளுக்கு நாள் பெருகும். இதில் மட்டும் காத்திருக்கக் கூடாது. தொட்டிக்கு வெளியே, தொட்டித் தண்ணீர் பிடித்த பாத்திரத்தில் வைத்து, புதிய பிளேடால் கெட்ட பகுதியோடு நல்ல சதை அரை சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். வேறொரு பாத்திரத்தில் தொட்டி நீரெடுத்து, லூகால்ஸ் அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை சொட்டு சொட்டாக விட்டு, அதில் 10 நிமிடம் முக்கி, சுத்தமான உப்புநீரில் அலசித் திருப்பி வையுங்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மேல்பாகம் முழுக்கப் போய்விட்டாலும் கல்லைத் தூக்கிப் போடாதீர்கள். கல்லோடு ஒட்டிய அடித்தண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவு சதை உறுதியாக இருந்தால், அதை நீரோட்டம் படுகிற, வெளிச்சம் மிதமான இடத்தில் விட்டுவையுங்கள். என்னிடம் இப்போது இருக்கிற டோட்ஸ்டூல் அப்படி ஒரு மொட்டைத் தண்டிலிருந்து வந்தது. ஐந்து வாரம் எதுவும் தெரியவில்லை. ஆறாவது வாரம் விளிம்பில் ஒரு பாலிப் எட்டிப் பார்த்தது.